காதுள்ள வண்டி

குருத்துவ வாழ்வில் 25 ஆண்டுகள் நிறைவுற்றபோது, பங்கு மக்கள் எனக்கு ஒரு திறன்பேசியைப் பரிசாக அளித்தார்கள். வெள்ளிவிழாத் திருப்பலி முடிந்து பொன்னாடைகளும் மாலைகளும் வாழ்த்து மடல்களும் வரிசையாக வந்தபின், கடைசியில் பங்குப் பேரவைத் துணைத் தலைவர் ஒரு சிறு பெட்டியை என் கையில் வைத்தார். அதுவரை என்னிடம் இருந்தது தங்கை மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைப்பேசி. அதன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். மாலை நான்கு மணிக்குமேல் அதற்கு உயிர் இருக்காது. நள்ளிரவில் நோயாளிக்காக என்னை அழைத்தும் கிடைக்காமல், சைக்கிளில் வந்து கதவைத் தட்டியவர்கள் உண்டு. பரிசின் காரணம் எனக்குப் புரிந்தது. அது என்மேல் கொண்ட அன்பு. கூடவே, தங்கள் சாவு நேரத்தைப் பற்றிய முன்யோசனையும்.

பங்குக்கு ஒரு கார் உண்டு. மகிழுந்து என்று எழுதினால் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் மகிழ்வார். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதில் மகிழ்ந்து செல்வதில்லை. அது கார்தான், அல்லது வெறுமனே வண்டி. எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை காலத்தில் பிறர் ஓட்டிய வண்டியாக வாங்கப்பட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகே, ஜெபப்புத்தகம் அளவில் ஒரு திரை அதில் உண்டு. ஆறு ஆண்டுகளாக அந்தத் திரை எங்களுக்கு வானொலிப் பெட்டி மட்டுமே. புதுத் திறன்பேசி வந்த மறுநாள் எங்கள் இளையோர் இயக்கத் தம்பி ஒருவர் வந்து, "ஃபாதர், இத வண்டியோட சேத்துட்டா செல்லக் கையில தொடவே வேண்டாம்" என்றார்.

சேர்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை. முதலில் ஒரு கேபிளைச் செருகினோம். கைப்பேசிக்கு மின்சாரம் ஏறியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் போராடியபின்தான், மலிவான சில கேபிள்களுக்குள் மின்சாரம் செல்லும் கம்பி மட்டுமே இருக்கும், செய்தி செல்லும் கம்பி இராது என்பதைத் தம்பி கண்டுபிடித்தார். சோறு கொண்டு போகும், கடிதம் கொண்டு போகாது. வேறு கேபிள் வாங்கி வந்ததும் திரை விழித்துக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த கார்ப்ளே, கூகுள் 2015-இல் கொண்டுவந்த ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகிய இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. வேலை அனைத்தையும் கைப்பேசியே செய்கிறது. வண்டி தன் திரையையும் ஸ்பீக்கரையும் மைக்கையும் பொத்தான்களையும் இரவல் கொடுக்கிறது.

அன்று நான் கண்ட இரண்டு சிறு செய்திகளை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன். பின்னால் நடந்ததற்கு அவை முன்னறிவிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒன்று, அந்தத் திரையின் பட்டியலில் முன்பே நான்கு கைப்பேசிகளின் பெயர்கள் இருந்தன. அவை வண்டியின் பழைய உரிமையாளர் வீட்டாருடையவை. ஒன்றின் பெயர் ஒரு பெண் குழந்தையின் செல்லப் பெயராக இருந்தது. நாங்கள் அவர்களைக் கண்டதில்லை. ஆறு ஆண்டுகளாக அந்த வண்டி மட்டும் அவர்களை நினைவில் வைத்திருந்தது. "அழிச்சிடவா ஃபாதர்?" என்று தம்பி கேட்டார். ஏனோ, கல்லறைத் தோட்டத்தில் யாருடைய பெயரையோ சுண்ணாம்பால் மறைப்பதுபோல் இருந்தது. அழிக்கச் சொன்னேன்.

மற்றொன்று, இணைப்பு முடியுமுன் கைப்பேசி என்னிடம் சில கேள்விகள் கேட்டது. உன் தொடர்புகளின் பட்டியலை வண்டி பார்க்கலாமா? உன் அழைப்புகளை? உனக்கு வரும் செய்திகளை? நான் படிக்காமலே ஒவ்வொன்றிற்கும் ஆம் என்று அழுத்தினேன். பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, நான் கேள்வியை முடிக்குமுன்பே "நம்புகிறேன்" என்று கோவிலே அதிருமாறு சொல்லிவிடுகிற என் மக்களை நான் எத்தனையோ முறை கடிந்துகொண்டதுண்டு.

கம்பியில்லா இணைப்புக்குப் புளூடூத் என்று பெயர். அதன் பொருள் நீலப்பல். இது என்ன பெயர் என்று தேடிப் படித்தபோது வியப்படைந்தேன். 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசரின் பட்டப்பெயர் அது. தம் பெற்றோரின் நினைவாக ஜெல்லிங் என்ற ஊரில் அவர் நாட்டிய கல் இன்றும் அங்கு நிற்கிறது. டேனிய மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவர் தாம் என்று அதில் அவர் பொறித்திருக்கிறார்; கல்லின் ஒரு முகத்தில் கிறிஸ்துவின் உருவமும் உண்டு. டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தவர் என்பதால், கணினியையும் கைப்பேசியையும் ஒன்றிணைக்க முயன்ற பொறியாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் தங்கள் தொழில்நுட்பத்திற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். திரையின் மூலையில் நாம் காணும் அந்த முடிச்சுப் போன்ற குறி, அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய வடநாட்டு எழுத்தில் பிணைத்தது. ஒரு ஞாயிறு மறையுரையில் இதைச் சொன்னேன். இளையோர் விழித்துக்கொண்டு கேட்ட மறையுரைகள் சிலவற்றுள் அதுவும் ஒன்று.

கருவிக்குரிய நன்றியை நான் மறைக்கக்கூடாது. இணைத்த மூன்றாம் வாரம், இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், காரைக்குடியில் மகன் வீட்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். புதிதாக வீட்டுமனை பிரித்த பகுதி. தெருவுக்குப் பெயரில்லை, வீட்டுக்கு எண்ணில்லை. பழைய நாளாக இருந்தால் சாலை முனையில் ஒருவர் டார்ச் விளக்குடன் நிற்க, நான் அவரைத் தேடி இரண்டு முறை கடந்து போயிருப்பேன். மகன் தம் வீடு இருக்கும் புள்ளியைக் கைப்பேசியில் அனுப்பினார். நடுவே பல இடங்களில் சிக்னல் இல்லை. ஆனாலும் வழி காட்டுவது நிற்கவில்லை. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்தால் போதும், இடத்தை அறியத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அது செயல்படும் விதம் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுக் கைப்பேசி தன் இடத்தைத் தானே அறிகிறது. கோள்களுக்கு நம்மைத் தெரியாது. அவை பேசுகின்றன, நம் கையிலிருப்பது கேட்கிறது. அதைப் பேசும் கருவி என்றே நான் எண்ணியிருந்தேன். அது முதன்மையாக ஒரு காது.

பன்னிரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியவருக்கு நினைவு இருந்தது. நோயில்பூசுதல் அளித்து, வழித்துணையாக நற்கருணையும் கொடுத்தேன். விடியுமுன் அவர் இறைவனிடம் சென்றார். திரும்பி வரும் வழியில் அந்தச் சிறிய கருவியை மனமார வாழ்த்தினேன். அதே வட்டாரத்தில் காவியுடை அணிந்து கால்நடையாக அலைந்து, 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்த புனித அருளானந்தருக்கு இப்படியொன்று இருந்திருந்தால் என்றுகூட அப்போது எண்ணினேன். அவரைத் தேடியவர்கள் அவரை எவ்வளவு விரைவில் பிடித்திருப்பார்கள் என்பது பின்னர்தான் தோன்றியது.

மற்ற அனுபவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் முன்கண்ணாடிக்கடியில் வைத்தால் கைப்பேசி கொதித்து மங்கிவிடும். கண்மாய்க்கரையைச் சாலை என்று எண்ணி ஒருமுறை என்னை அது ஏற்றிவிட்டது. அரை கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டி வந்தேன். தமிழில் வழி சொல்லும் குரல், முதல் வாசகம் படிக்கும் எங்கள் ஆசிரியையின் குரலைப்போல் ஏற்ற இறக்கமின்றி, மரியாதையாக இருக்கும். நாம் தவறாகத் திரும்பினாலும் கோபிக்காமல் புதுவழி கணக்கிடும். இதை இறை இரக்கத்திற்கு உவமையாகச் சொல்லாத இளங்குரு இன்று இல்லை. நானும் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

சட்டமும் இந்த இணைப்புக்குச் சாதகமே. வண்டி ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமாக ஓட்டுதல் என்ற குற்றத்தில் சேர்த்திருக்கிறது. ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழியறிய மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று 2020-இல் விதி வந்தது. திருச்சபையும் இதைப் பற்றிப் பேசாமலில்லை. குடிபெயர்வோர், பயணிப்போர் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை 2007-இல் சாலைப் பயணத்திற்கென வழிகாட்டும் ஏடு ஒன்றை வெளியிட்டு, அதில் ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகளையும் தந்தது. கொலை செய்யாமை முதலாவது. சாலை மனிதரிடையே உறவை வளர்க்க வேண்டும், உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடாது என்பது இரண்டாவதன் கருத்து. வண்டி அதிகாரத்தைக் காட்டும் கருவியாகவோ பாவத்திற்கு வாய்ப்பாகவோ ஆகிவிடக்கூடாது என்றும் அதில் உண்டு. பாவத்திற்கு வாய்ப்பு என்றால் வேகமும் குடியும் என்றே நான் எண்ணியிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதற்கு உரியவரிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். "பேரு வராம எழுதுங்க சாமி" என்றார். அவர் பெயரை மட்டுமல்ல, உறவையும் நாளையும் சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

சிவகங்கையில் மறைவட்டக் கூட்டம். நான் வண்டியை ஓட்ட, அருகில் உபதேசியார், பின்னால் பங்குப் பேரவையைச் சேர்ந்த இருவர். மதுரை–தொண்டி சாலையில் வந்து ஏறியதும் கைப்பேசி ஒலித்தது. திரையில் ஒரு பெயர் தோன்றியது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி. முந்தின நாள் மாலை கோவில் தாழ்வாரத்தில் நின்று, வேறு யாரிடமும் சொல்லாத ஒரு வீட்டுத் துயரத்தை என்னிடம் சொல்லி அழுதவர். மறுபடியும் அழைக்கிறார் என்றால் ஏதோ நேர்ந்துவிட்டது என்ற பதற்றம் எனக்கு. தம்பி கற்றுக்கொடுத்தபடி, ஸ்டியரிங்கிலிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

வண்டியின் நான்கு மூலையிலிருந்தும் அவர் குரல் வந்தது. வணக்கம் சொல்லவில்லை. அழுகையோடு தொடங்கி, நேற்றுச் சொன்னதன் தொடர்ச்சியை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். இரண்டே வாக்கியங்கள். அவற்றில் எல்லாம் இருந்தது: யார், யாரை, என்ன.

நான் குரலைக் குறைக்க எண்ணி ஒரு பொத்தானை அழுத்தினேன், குரல் உயர்ந்தது. வண்டியை ஓரங்கட்டவே எனக்குச் சில நொடிகள் ஆயின. "அம்மா, அம்மா, நான் வண்டியில இருக்கேன், கூட ஆளுங்க இருக்காங்க" என்றேன். அந்தப் பக்கம் அழுகை நின்றது. அழுகை ஓய்ந்தது என்று சொல்ல முடியாது, வெட்டியதுபோல் நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் ஒரு கணம் எங்கள் நால்வருக்கும் கேட்டது. பிறகு அவர் துண்டித்துவிட்டார்.

பின்னாலிருந்த இருவரும் ஆளுக்கொரு சன்னல் வழியாகச் சீமைக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வதென்று அறியாமல், "இது வெளிய போகக்கூடாது" என்றேன். உபதேசியார் என் முகத்தைப் பார்க்காமலே, "என்ன சாமி போகக்கூடாது? நாங்க ஒண்ணும் கேக்கலையே" என்றார். குருமடத்தில் பொய்யைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் வாதாடியிருக்கிறோம். பிறரைக் காக்கச் சொல்லும் பொய் எப்பொழுதாவது முறையாகுமா என்று தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். உபதேசியாரின் அந்த வார்த்தைக்கு முன் அந்த நான்கு பக்கங்களும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர்கள் மூவரும் இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ஆனாலும் அன்றைய கூட்டத்தில் என் மனம் ஒன்றவில்லை. இறையியல் படித்த புத்தி தனக்கு ஆறுதல் தேடத் தொடங்கியது. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை மீறத்தகாதது என்கிறது திருச்சபைச் சட்டம் 983. சொல்லாலோ வேறெந்த விதத்தாலோ, எக்காரணத்திற்காகவும் பாவியைக் காட்டிக்கொடுப்பது குருவுக்கு முழுமையாக விலக்கப்பட்டது. ஆனால் இது ஒப்புரவு அல்லவே? தாழ்வாரத்தில் சொன்னது; தொலைபேசியில் வந்தது. நம்பி ஒப்படைக்கப்பட்ட இரகசியம் வேறு, அருட்சாதன முத்திரை வேறு என்று பேராசிரியர் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மேலும் நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினேன். அறியாமல் செய்தது. இப்படியெல்லாம் எனக்கு நானே வழக்கறிஞராக வாதிட்டேன். பிறகு சட்டம் 220 நினைவுக்கு வந்தது. பிறருடைய நற்பெயருக்கு முறைகேடாகக் கேடு விளைவிக்கவும், அவர்தம் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை மீறவும் எவருக்கும் உரிமையில்லை என்பது அது. குருக்கள் என்றில்லை, எவருக்குமே. வழக்கு அங்கே தோற்றது.

பிராகு நகரில் 1393-இல் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட புனித ஜான் நெப்போமுக், அரசி ஒப்புரவில் சொன்னதை அரசனுக்குச் சொல்ல மறுத்ததால் இறந்தார் என்பது மரபு. குருமடத்தில் அவர் கதையைக் கேட்டபோது, எனக்கும் அப்படியொரு சோதனை வந்தால் உறுதியாக நிற்பேன் என்று எண்ணிக்கொண்ட இளைஞன் நான். எனக்கு வந்த சோதனையில் அரசனும் இல்லை, ஆறும் இல்லை. பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலை எடுத்து, எத்தியோப்பிய நிதியமைச்சரின் தேர்ப் பயணத்தைப் படித்தேன் (திப 8:26-40). வழிகாட்டுதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எடுத்தாளும் பகுதி அது. எருசலேமிலிருந்து காசாவுக்கு இறங்கும் பாலைவழி. தேரில் அமர்ந்து எசாயா ஏட்டைப் படிக்கிறார் ஒருவர். படிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார் பிலிப்பு. வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்கிறார் அவர். பிலிப்பு தேரில் ஏறி அருகில் அமர்கிறார். எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீரைக் கண்டதும் தேரை நிறுத்தச் சொல்லி அமைச்சர் ஆணையிடுகிறார். அப்படியானால் தேரை ஓட்ட வேறொருவர் இருந்திருக்கிறார். அவர் அத்தனையையும் கேட்டிருக்கிறார்: அமைச்சரின் ஐயங்களை, அவர் உள்ளத்தின் தாகத்தை. அந்தத் தேரோட்டியைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. வண்டிக்குள் பேசப்படுவதற்கு எப்போதும் இன்னொரு காது உண்டு என்பதை 25 ஆண்டுகளாக அந்தப் பகுதியை விளக்கிய நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் தம்பியை அழைத்து, அழைப்புகள் வண்டிக்கு வராமல் செய்யச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை. வழிகாட்டும் வரைபடம் இருக்கும். அழைப்பும் செய்தியும் கைப்பேசியிலேயே நின்றுவிடும். முதல் நாளே அந்தக் கேள்விகளைப் படித்துப் பார்த்து இல்லை என்று அழுத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். தம்பி காரணம் கேட்டார். சொல்லவில்லை.

அந்தப் பெண்மணி அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு மாலை, கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் வீட்டிற்கு நடந்து போனேன். திண்ணையில் பாய் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். வண்டி, இணைப்பு, பொத்தான் என்று ஏதோ விளக்கவும் முற்பட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலையைக் குனிந்தவாறே சொன்னார்: "உங்க காதுல சொல்றேன்னு நினைச்சேன் சாமி. ஊரு காதுல சொல்லிட்டேன்."

ஊர் கேட்கவில்லை, மூன்று பேர்தான், அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு அந்த மூவரும் யார் என்று தெரியாது. அதனால் தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவர் முகத்திலும் அவர் அந்த மூவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று பேர் என்பது அவருக்கு முந்நூறு பேராக இருந்தது. பெயர்களைச் சொல்லலாமா என்று நான் தயங்கியபோது, அவரே "யாருன்னு சொல்லாதீங்க. அவங்களப் பாக்க எனக்குக் கூச்சமாயிரும்" என்றார். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. குருவானவர் ஒருவர் மன்னிப்புக்காகக் காத்திருக்கும் பக்கத்தில் நின்று பார்ப்பது அரிது. அந்த இடம் எவ்வளவு குளிராக இருக்கும் என்பதை அறிந்தேன்.

தவக்காலத்தில் திருப்பலிக்கு வந்தார், கடைசி வரிசையில். நற்கருணை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாஸ்காவுக்குப்பின் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து மெழுகுதிரிகளைக் கோவில்பிள்ளை அணைத்துக்கொண்டிருந்தபோது சக்கிறிஸ்து வாசலில் வந்து நின்றார். உடன் அவர் அக்காவும் இருந்தார்.

"மதுரைக்கு ஒரு காரியமாப் போகணும் சாமி. பஸ்ஸுல போறது தோதுப்படாது. உங்க வண்டி வருமா?"

"வரும்மா. எப்ப?"

"நாளைக்கு." சற்று நின்று, "அந்தச் செல்ல வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றார். அவர் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அழைப்பு வண்டிக்கு வராதபடி செய்தாயிற்று என்பதை விளக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவசரமாக நோயாளி யாருக்காவது அழைப்பு வந்தால் பக்கத்துப் பங்குத்தந்தையைக் கூப்பிடுமாறு கோவில்பிள்ளையிடம் சொல்லி, கைப்பேசியையும் அவரிடமே கொடுத்துவிட்டு மறுநாள் விடியலில் புறப்பட்டேன். சகோதரிகள் இருவரும் பின்னிருக்கையில். கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்று திரை அறிவித்தது. சிறிது நேரம் கழித்து அதுவும் இருண்டுவிட்டது. காளையார்கோவில் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. தாண்டியபின் அவர் பேசத் தொடங்கினார். சிவகங்கை வந்ததையும் கடந்ததையும் நான் கவனிக்கவில்லை.

மதுரைக்குள் நுழைந்ததும் எனக்கு வழி தெரியவில்லை. இரண்டு இடங்களில் கேட்டோம். முதலாமவர் தவறான சந்தைக் காட்டிவிட்டார். இரண்டாவதாகக் கேட்டது ஒரு டீக்கடையில். கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, திருப்பம் வரைக்கும் வண்டியின் ஓரமாக நடந்தே வந்தார்.